புது டிரெய்லரை தனியா கொண்டுபோய் டெஸ்ட் பண்ற முதல் கேம்ப்பிங் டிரிப்: முழுமையான வழிகாட்டி

காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற சின்ன டிரெய்லர் ஒண்ணு வாங்கிட்டீங்க, ஒரே ஆக்சில், உள்ள ஒரு கட்டில், சின்ன அடுப்பு, தண்ணி டேங்க், பேட்டரி. நீண்ட பயணம் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி தனியா போய் எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துட்டு வரணும்ங்கிறது உங்களுக்கே தோணியிருக்கும். அதை எந்த வரிசையில பண்ணணும்னு தான் இங்க எழுதியிருக்கேன்.

தனியா போறப்ப இருக்குற பெரிய கஷ்டம் தைரியம் இல்ல, ரெண்டாவது ஜோடி கண்ணு இல்லாதது தான். பின்னாடி லைட் எரியுதான்னு சொல்ல ஆள் இல்ல, ரிவர்ஸ் எடுக்குறப்ப "வா வா, நிறுத்து"ன்னு கை காட்ட ஆள் இல்ல, சக்கரத்துக்கு கட்டை போட மறந்தா கத்துறதுக்கும் ஆள் இல்ல. அதனால ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை வச்சுக்கிட்டு அதை மாத்தாம செய்யணும், அந்த வரிசை தான் உங்களுக்கு ரெண்டாவது ஆள். புதுசா வர்றவங்க தடுமாறுறத நிறைய பார்த்திருக்கேன், முக்கால்வாசி பேர் தெரியாம தப்பு பண்றதில்ல, தெரிஞ்ச விஷயத்தையே முன்னப்பின்ன பண்ணி மாட்டிக்கிறாங்க.

1. இடமும் நாளும்

வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்குற இடமா பாருங்க. ஏதாவது உடைஞ்சா திரும்பி வந்துடலாம், மறந்த சாமானை எடுத்துட்டும் போகலாம். அழகான மலை, ஏரி எல்லாம் அடுத்த டிரிப்புக்கு வச்சுக்கோங்க. செங்குத்தான ஏத்தம் இறக்கம் இருக்குற வழி முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம்.

ரெண்டு ராத்திரி தங்குங்க, ஒண்ணு பத்தாது. முதல் ராத்திரி கரண்ட், தண்ணி கனெக்‌ஷன் இருக்கணும், ரெண்டாவது ராத்திரி அதை எல்லாம் கழட்டிட்டு பேட்டரியிலயும் டேங்க்லயும் மட்டும் இருக்கணும். ஒரே நாள்ல ரெண்டையும் சோதிச்சா எது எதனால கெட்டுச்சுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது.

இடம் புக் பண்றப்ப நேரா உள்ள போய் நேரா வெளிய வர்ற மாதிரி இடம் இருக்கான்னு கேளுங்க. ரிவர்ஸ் பழகணும் தான், ஆனா அதை காலியான மைதானத்துல பழகுங்க, பத்து பேர் பார்த்துக்கிட்டு இருக்குற இடத்துல முதல் தடவையா பண்ணாதீங்க. இருட்டுறதுக்கு குறைஞ்சது மூணு மணி நேரம் முன்னாடி போய் சேருற மாதிரி கிளம்புங்க, ஏன்னா முதல் தடவை எல்லாமே நினைச்சதை விட ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

எங்க போறீங்க, எப்ப திரும்புவீங்க, எத்தனை மணிக்குள்ள உங்க கிட்டேர்ந்து மெசேஜ் வரணும்ங்கிற மூணையும் வீட்டுல ஒருத்தர் கிட்ட சொல்லி வைங்க. நேரம் சொல்லாம "போயிட்டு வரேன்"னு மட்டும் சொன்னா, எப்ப கவலைப்படணும்னு அவங்களுக்கு தெரியாது.

2. கிளம்புறதுக்கு முன்னாடி வாசல்லயே ஒரு ராத்திரி

இதை நிறைய பேர் தேவையில்லன்னு தாண்டிப் போயிடுவாங்க, ஆனா பாதி கோளாறு இங்கயே தெரிஞ்சுடும். வீட்டு வாசல்ல நிறுத்தி ஒரு ராத்திரி அதுலயே படுங்க. ஸ்விட்ச் எது எங்க இருக்கு, கட்டிலை எப்படி விரிக்கிறது, ராத்திரி எழுந்தா தலை எங்க இடிக்குது, இதெல்லாம் இங்கயே பழகிடும்.

முதல்ல தண்ணி. டேங்க்கை சுத்தம் பண்ண வாசனை சேர்க்காத சாதா ப்ளீச் போதும், 60 லிட்டர் டேங்க்குக்கு சுமார் 60 மில்லி. அதை ஒரு வாளி தண்ணில கலந்து ஊத்தி டேங்க்கை நிரப்புங்க, ஒவ்வொரு குழாயையும் ப்ளீச் வாசம் வர்ற வரைக்கும் திறந்து மூடுங்க, குறைஞ்சது நாலு மணி நேரம் விட்டுட்டு முழுசா வடிச்சு, நல்ல தண்ணி ரெண்டு மூணு தடவை ஊத்தி அலசுங்க. ஃபில்டர் இருந்தா இந்த வேலைக்கு முன்னாடியே கழட்டிடுங்க.

அப்புறம் பம்ப்பை ஆன் பண்ணி எல்லா குழாயையும் மூடிட்டு சும்மா உட்கார்ந்து கேளுங்க. பம்ப் கொஞ்ச நேரம் ஓடி நின்னுடணும். குழாய் எதையும் தொடாமலே அப்பப்ப "டர்ர்"னு ஓடி ஓடி நின்னா எங்கயோ கசியுது. கட்டிலுக்கு அடியில, சிங்க்குக்கு அடியில ஒவ்வொரு இணைப்பையும் காய்ஞ்ச டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பாருங்க, கைக்கு தெரியாத ஈரம் கூட பேப்பர்ல தெரியும்.

வாட்டர் ஹீட்டர் இருந்தா ஒரு விஷயம் கவனம். அதுக்குள்ள தண்ணி நிரம்புறதுக்கு முன்னாடி கரண்ட் ஸ்விட்சை போட்டா உள்ள இருக்குற காயில் சில நிமிஷத்துல எரிஞ்சுடும். சூடு தண்ணி குழாயைத் திறந்து, காத்து துப்புறது நின்னு தண்ணி ஒரே சீரா வந்த அப்புறம் தான் ஸ்விட்ச். பழைய டிரெய்லர் வாங்கினவங்க இன்னொண்ணும் பார்க்கணும், குளிர்காலத்துக்காக முந்தின ஓனர் ஹீட்டரை பைபாஸ் வால்வுல (தண்ணி ஹீட்டருக்குள்ள போகாம சுத்திப் போக வைக்கிற வால்வு) விட்டிருப்பார், அப்ப குழாய்ல தண்ணி சீரா வரும், ஆனா ஹீட்டர் உள்ள காலியா இருக்கும்.

அடுத்தது கேஸ். சோப்பு தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி ரெகுலேட்டர், ஹோஸ், சிலிண்டர் வால்வு எல்லா இணைப்புலயும் அடிங்க, நுரை பொங்கினா கசிவு. தீக்குச்சி வச்சு பார்க்கவே கூடாது. சிலிண்டர்ல வர்ற புரொப்பேன் கேஸ் காத்தை விட கனமானது, கசிஞ்சா தரையில தான் போய் தேங்கும், அதனால தான் கேஸ் அலாரத்தை கணுக்கால் உயரத்துல வச்சிருக்காங்க. அது முன்னாடி பையையோ செருப்பையோ அடுக்கி மறைச்சுடாதீங்க.

கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி விஷயம், அது கேஸ் அலாரத்துக்கு பதில் ஆகாது, கேஸ் அலாரமும் அதுக்கு பதில் ஆகாது. ரெண்டுலயும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்க, பின்னாடி இருக்குற காலாவதி தேதியையும் பாருங்க, சென்சார் சில வருஷத்துல செத்துடும், பட்டன் மட்டும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். தனியா தூங்குறவங்களுக்கு இந்த ரெண்டு பெட்டியும் கட்டாயம், இதுல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்து பேசினதில்ல. மூக்குக்கு தெரியாத ஒரு வாயுவை பக்கத்துல ஆள் இல்லாதப்ப கண்டுபிடிக்க வேற வழி கிடையாது.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே ஆன் பண்ணி வைங்க. கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ் குளிர ரொம்ப நேரம் எடுக்கும், சூடான ஃப்ரிட்ஜ்ல சாமானை வச்சுட்டு "இது வேலை செய்யல"ன்னு முடிவு பண்ணிட வேண்டாம்.

3. எடையை எங்க வைக்கிறீங்கங்கிறது தான் ரோட்ல உயிர்

எவ்வளவு சாமான் ஏத்துறீங்கங்கிறது ஒண்ணு, அதை எங்க வைக்கிறீங்கங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதை தான் பெரும்பாலானவங்க யோசிக்கிறதே இல்ல.

டிரெய்லர்ல ஒட்டியிருக்குற தகட்டுல அதிகபட்ச மொத்த எடை இருக்கும். அதுலேர்ந்து டிரெய்லரோட காலி எடையை கழிச்சா உங்களுக்கு மிச்சம் எவ்வளவுன்னு தெரியும், சின்ன டிரெய்லர்ல அது ஆச்சரியப்படுற அளவுக்கு கொஞ்சமா தான் இருக்கும். தண்ணி 1 லிட்டர் 1 கிலோ, 80 லிட்டர் டேங்க்கை நிரப்பினா ஒரு ஆளை ஏத்திக்கிட்டு போற மாதிரி. முதல் டிரிப்புக்கு டேங்க்ல கால் பங்கு போதும், போற இடத்துல நிரப்பிக்கலாம்.

காருக்குப் பின்னாடி டிரெய்லரை மாட்டுற இரும்பு உருண்டை தான் ஹிட்ச் பால், அது மேல இறங்குற எடையை டங் வெயிட்னு சொல்றாங்க. பொதுவா டிரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும், அதாவது 1000 கிலோ டிரெய்லருக்கு 100 முதல் 150 கிலோ. ஐரோப்பிய கேரவன்களுக்கு 5 முதல் 7 சதவீதம்னு கணக்கு, அதனால உங்க டிரெய்லர் கையேடும் காரோட ஹிட்ச் வரம்பும் என்ன சொல்லுதோ அது தான் முடிவு. இந்த எடை குறைஞ்சா டிரெய்லரோட வால் கனமாகி வேகத்துல இடமும் வலமுமா ஆட ஆரம்பிக்கும், அதிகமானா காரோட பின்பக்கம் அமுங்கி முன் சக்கரம் பிடிமானத்தை இழக்கும்.

வீட்டுல இருக்குற எடை மெஷினை வச்சே இதை அளக்கலாம். பலமான ஒரு மரச்சட்டத்தை எடுத்து, ஒரு முனைக்கு அடியில செங்கல், இன்னொரு முனைக்கு அடியில எடை மெஷின், ரெண்டு இடத்துலயும் சட்டத்துக்கு அடியில ஒரு குழாய்த் துண்டு. செங்கல் பக்கத்து குழாய்லேர்ந்து 1 அடி, மெஷின் பக்கத்து குழாய்லேர்ந்து 2 அடி தள்ளி டிரெய்லரோட முன்பக்க எடையை இறக்குங்க. மெஷின் காட்டுறத 3 ஆல பெருக்கினா அது தான் டங் வெயிட். சட்டம் மட்டும் இருக்குறப்ப மெஷின் காட்டுற அளவை முன்னாடியே பார்த்து வச்சு, பெருக்குறதுக்கு முன்னாடி கழிச்சுக்கோங்க. சக்கரத்துக்கு கட்டை போட்டிருக்கணும், டிரெய்லர் ஓடுறப்ப இருக்குற உயரத்துல சமமா நிக்கணும், சாமானும் தண்ணியும் ஏத்தின அப்புறம் தான் அளக்கணும். காலி டிரெய்லரை அளந்துட்டு திருப்தியா கிளம்புறவங்களை எத்தனையோ தடவை பார்த்தாச்சு.

கனமான சாமான் ஆக்சிலுக்கு கொஞ்சம் முன்னாடி, தரையோட ஒட்டி. பின்பக்க பம்பர்ல சைக்கிள் ஸ்டாண்ட் போடுறது, பின் லாக்கர்ல டூல் பெட்டி வைக்கிறது ரெண்டையும் இந்த டிரிப்ல தவிர்த்துடுங்க.

4. டயர், வீல் நட்

டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி 4 இலக்கம் தயாரிச்ச வாரமும் வருஷமும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேயுறது கம்மி, வெயில்ல நின்னு நின்னு தான் வீணாகும். டயர் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற பள்ளம்) ஆழமா இருக்கேன்னு ஏமாறாதீங்க, 6 வருஷம் தாண்டினா மாத்துறது தான் நல்லது.

காத்தழுத்தம் டயர் குளிர்ந்து இருக்குறப்ப, தகட்டுல போட்டிருக்குற அளவுக்கு. காருக்கு வைக்கிற அளவை இதுக்கும் வைக்கிறது அடிக்கடி நடக்குற தப்பு, டிரெய்லர் டயருக்கு பெரும்பாலும் அதை விட நிறைய வேணும், குறைஞ்சா டயர் சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியிலயும் பாருங்க. உங்க கார் வீல் ஸ்பானர் டிரெய்லர் நட்டுக்கு பொருந்துதா, உங்க ஜாக் டிரெய்லருக்கு அடியில போகுதான்னு இப்பவே ஒரு தடவை போட்டுப் பாருங்க. ரோட்டோரத்துல நின்னு தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இல்ல அது.

வீல் நட்டை டார்க் ரெஞ்ச்சால (எவ்வளவு இறுக்கம்னு அளவு காட்டுற ஸ்பானர்), எதிரெதிரா நட்சத்திர வரிசையில, கையேட்டுல சொன்ன அளவுக்கு இறுக்குங்க. சக்கரம் புதுசா மாட்டினதா இருந்தா 15, 40, 80 கிலோமீட்டர்ல மறுபடி சோதிக்கணும், நட் உட்கார இடம் எடுத்துக்கும்.

5. ஹிட்ச் மாட்டுற வரிசை

இந்த வரிசையை ஒரு அட்டையில எழுதி டிரெய்லர் முன்பக்கமே தொங்க விடுங்க. நடுவுல போன் வந்தாலோ யாராவது பேச்சு கொடுத்தாலோ திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிங்க. விட்ட இடத்துலேர்ந்து தொடர்றப்ப தான் ஒரு படி விட்டுப் போகும்.

சக்கரத்துக்கு கட்டை இருக்கான்னு பாருங்க. கார் சாவியை அந்த கட்டை மேலயே வைங்க, அப்ப கட்டையை எடுக்காம காரை எடுக்கவே முடியாது. இது சின்ன வேலை தான், ஆனா தனியா இருக்குறவங்களுக்கு இதை விட நல்ல ஞாபகக்கருவி எனக்கு கிடைக்கல.

கப்ளரை (டிரெய்லர் முன்முனையில பாலைக் கவ்வுற பகுதி) ஹிட்ச் பால் மேல இறக்குங்க, லாட்ச்சை பூட்டுங்க, பின் போடுங்க. இப்ப டிரெய்லரோட முன்பக்கத்தைத் தூக்கி இறக்குற முன் ஜாக்கால முன்பக்கத்தை மறுபடி மேல ஏத்துங்க. காரோட பின்பக்கமும் சேர்ந்து மேல எழும்பினா பூட்டு சரியா விழுந்திருக்கு, கப்ளர் மட்டும் தனியா எழும்பினா அது பால் மேல சும்மா உட்கார்ந்திருந்திருக்கு. பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும், அதனால இந்த சோதனையை ஒரு தடவை கூட விடாதீங்க.

செயினை கீழ குறுக்கா மாட்டணும், இடது செயின் வலது கொக்கில, வலது செயின் இடது கொக்கில. கப்ளர் கழண்டாலும் முன்பக்கம் ரோட்ல குத்தாம செயின் தொட்டில் மாதிரி தாங்கும். வளைவுல இழுபடாத அளவுக்கு நீளம், தரையில உரசாத அளவுக்கு உயரம்.

டிரெய்லர் கழண்டு போனா ஒரு பின்னை உருவி பிரேக் பிடிக்க வைக்கிற அவசர பிரேக் கேபிளை காரோட சட்டத்துல தனியா மாட்டுங்க. செயின்லயோ பால் மேலயோ மாட்டினா, ஹிட்ச் கழண்டு போறப்ப கேபிளும் சேர்ந்து போயிடும், பின் உருவாது, பிரேக் பிடிக்காது. எலக்ட்ரிக் பிரேக் டிரெய்லரா இருந்தா, கடைசியா கட்டையை எடுத்த அப்புறம், அந்த பின்னை ஒரு தடவை உருவிட்டு மெதுவா முன்னாடி இழுத்துப் பாருங்க, சக்கரம் இறுகணும். பார்த்த உடனே திரும்ப மாட்டிடுங்க, விட்டா பேட்டரி காலியாகிடும்.

பிளக் மாட்டுங்க, ஜாக்கை முழுசா மேல ஏத்துங்க, லைட் சோதனை, அப்புறம் தான் கட்டையை எடுக்கணும்.

6. ஆள் இல்லாம லைட் பார்க்குறது

போனை பின்னாடி ஒரு ஸ்டூல்ல சாய்ச்சு வீடியோவை ஓட விட்டுட்டு கார்ல போய் உட்காருங்க. இடது, வலது, பிரேக், பின் லைட், இந்த வரிசையில சத்தமா சொல்லிக்கிட்டே போடுங்க, வீடியோவைப் பார்க்குறப்ப எது எதுன்னு குழப்பம் வராது. சாயங்காலமா இருந்தா சுவருக்கு முன்னாடி நிறுத்தினாலே சிவப்பு வெளிச்சம் சுவர்ல தெரிஞ்சுடும்.

இடது போட்டா பிரேக் லைட்டும் மங்கலா எரியுது, எல்லாமே சேர்ந்து மினுக்குதுன்னா பல்பு மேல சந்தேகப்படாதீங்க, பெரும்பாலும் எர்த் கனெக்‌ஷன் துரு பிடிச்சிருக்கும்.

7. ரோட்ல முதல் 20 கிலோமீட்டர்

காலியான, சமமான, காய்ஞ்ச ரோட்ல பிரேக் செட்டிங். எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் (கார்லேர்ந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்குற கருவி) இருந்தா சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துல கார் பிரேக்கை தொடாம கன்ட்ரோலர் லீவரை மட்டும் அழுத்துங்க. பின்னாடி யாரோ உறுதியா பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கணும், சக்கரம் பூட்டிக்கிட்டு கிறீச்சிடக்கூடாது. பூட்டினா குறைங்க, ஒண்ணுமே தெரியலன்னா கூட்டுங்க. சாமான் எடை மாறுறப்ப எல்லாம் இதை திரும்ப செய்யணும். சின்ன டிரெய்லர் சிலதுக்கு பிரேக்கே இருக்காது, அப்ப முன்னாடி வண்டிக்கு விடுற இடைவெளியை ரெண்டு மடங்காக்குறத தவிர வேற வழி இல்ல.

15, 20 கிலோமீட்டர்ல நிறுத்துங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி பிரேக்கை அதிகம் போடாம மெதுவா உருண்டு வந்து நிறுத்துங்க, இல்லன்னா பிரேக் சூட்டை பேரிங் சூடுன்னு நினைச்சுக்குவீங்க. ரெண்டு சக்கரத்தோட நடுப்பகுதிக்கும் பக்கத்துல புறங்கையை கொண்டுபோய் பாருங்க. இளஞ்சூடு சரி. ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டா பேரிங்கோ, விடாம உரசுற பிரேக்கோ, அதோட அந்த டிரிப்பை நிறுத்திட்டு திரும்பிடுங்க. ஹிட்ச், செயின், பிளக், கதவு, கூரை ஜன்னல், எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு கிளம்புங்க.

வேகம் 80, 90 தாண்ட வேண்டாம். பெரிய லாரி கடந்து போறப்ப ஒரு தள்ளு, ஒரு இழுப்பு தெரியும், அது சகஜம், தானா அடங்கிடும். ஆட்டம் அடங்காம பெருசாகிக்கிட்டே போனா கார் பிரேக்கை மிதிக்கக்கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி சமாளிக்கவும் பார்க்கக்கூடாது. ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுங்க, டிரெய்லர் பிரேக் லீவர் இருந்தா அதை மட்டும் அழுத்துங்க. ஆட்டம் நின்ன அப்புறம் ஓரம் கட்டி சாமானை முன்னாடி நகர்த்துங்க. வேகத்தை குறைச்சு ஓட்டிக்கலாம்னு அப்படியே தொடராதீங்க, இறக்கத்துல அது திரும்ப வரும்.

8. ரிவர்ஸ்

சின்ன டிரெய்லர்னா சுலபம்னு நினைக்கிறாங்க, உண்மையில பெருசை விட கஷ்டம். ஹிட்ச் பாலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் நடுவுல தூரம் கம்மி, அதனால ஸ்டீயரிங்கை கொஞ்சம் திருப்பினாலே சடக்குனு மடங்கிடும்.

கையை ஸ்டீயரிங்கோட அடியில வைங்க. டிரெய்லரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்க, மூளை குழம்பாது. நேரா போறப்ப ஒரு கண்ணாடியில மட்டும் டிரெய்லர் அதிகமா தெரிய ஆரம்பிச்சா ஸ்டீயரிங்கை அந்தக் கண்ணாடி இருக்குற பக்கம் கொஞ்சமா திருப்புங்க, நேராகிடும். நத்தை வேகம் போதும். கோணம் அதிகமாகிடுச்சுன்னா அங்கயே மல்லுக்கட்டாம முன்னாடி போய் நேராக்கிட்டு திரும்ப வாங்க, முன்னாடி போறதுக்கு யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.

தனியா பண்றப்ப: டிரெய்லர் சக்கரம் எங்க நிக்கணுமோ அதுக்கு நேரா, டிரைவர் பக்கம், கண்ணாடியில தெரியுற மாதிரி கலர் வாளி ஒண்ணை வைங்க. முடிஞ்ச வரைக்கும் டிரைவர் பக்கமாவே வளைஞ்சு உள்ள போங்க, மறுபக்கம் கண்ணுக்கு எட்டாது. ஜன்னலை இறக்குங்க, பாட்டை நிறுத்துங்க. சந்தேகம் வந்தா ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கிப் பாருங்க, பத்து தடவை ஆனாலும் சரி. மேல மரக்கிளையையும் பாருங்க, எல்லாரும் கீழயே பார்த்துக்கிட்டு கூரை ஜன்னலை கிளையில உடைக்கிறாங்க.

டிரெய்லர் காரை விட ஒடுங்கலா இருந்து கண்ணாடியில தெரியவே இல்லன்னா, பின் மூலை ரெண்டுலயும் உயரமா ஒரு குச்சி கட்டுங்க.

9. நிறுத்தி சமன் பண்றது

இந்த வரிசை மாறினா ஆபத்து. முதல்ல இடது வலது சமன், ரெண்டாவது கட்டை, மூணாவது கார்லேர்ந்து கழட்டுறது, நாலாவது முன் பின் சமன், கடைசியா மூலைக் கால் (நாலு மூலையிலயும் கீழ இறக்குற கால்).

ரசமட்டத்தை உள்ள தரையில குறுக்கா வைங்க. தாழ்ந்த பக்கத்து சக்கரத்துக்கு முன்னாடி பலகையோ லெவலிங் பிளாக்கோ வச்சு கார்ல இழுத்து மேல ஏத்துங்க. இதை கழட்டுறதுக்கு முன்னாடியே செய்யணும், ஏன்னா ஒரு பக்க சக்கரத்தை உயர்த்துறதுக்கு கார் தான் வேணும். ஏறின உடனே ரெண்டு சக்கரத்துக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை, உறுதியா உதைச்சு இறுக்குங்க.

அப்புறம் பிளக், கேபிள், செயின், கடைசியா கப்ளர். கப்ளர் பாலை விட்டு எழும்புற நொடியில டிரெய்லர் எங்க போகணும்னு நினைக்குதோ அங்க போகும், கட்டை இல்லாத ஒரு டிரெய்லர் அப்படி உருண்டு மரத்துல மோதி நின்னதை என் கண்ணால பார்த்திருக்கேன். அந்த நேரத்துல முன்னாடியோ பின்னாடியோ நிக்காதீங்க, பக்கவாட்டுல நின்னு ஜாக்கை சுத்துங்க.

முன் பின் சமன் ஜாக்கால. மூலைக் கால் நாலையும் தரையைத் தொட்டு லேசா இறுகுற வரைக்கும் மட்டும் இறக்குங்க, அது ஆட்டத்தை நிறுத்துறதுக்கு, எடையைத் தூக்குறதுக்கு இல்ல. அதை ஜாக் மாதிரி பயன்படுத்தினா சட்டம் வளைஞ்சு கதவு மூடாம போயிடும். கேஸ் ஃப்ரிட்ஜ் சாய்ஞ்சு நின்னா உள்ள அமோனியா சுழற்சி நின்னு நாளடைவுல கெட்டுடும், கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு அவ்வளவு கவலை இல்ல.

கரண்ட் கேபிளை சுருளோட விடாம முழுசா பிரிச்சுப் போடுங்க, சுருண்டிருந்தா சூடாகி உருகும். வெளித் தண்ணிக்கு பிரஷர் ரெகுலேட்டர் போட்டு தான் ஹோஸை மாட்டணும், 40 முதல் 50 பிஎஸ்ஐக்குள்ள இருக்கணும்.

10. முதல் ராத்திரி: எல்லாத்தையும் ஒரு தடவையாவது பயன்படுத்துங்க

இங்க தான் பலரும் சோம்பல் படுறாங்க. வெளிய எங்கயாவது சாப்பிட்டுட்டு, கேம்ப் பாத்ரூம்ல குளிச்சுட்டு, டிரெய்லர்ல தூங்க மட்டும் செஞ்சுட்டு "எல்லாம் சூப்பரா இருக்கு"ன்னு திரும்பி வந்துடுவாங்க. உள்ளயே சமைங்க, உள்ளயே குளிங்க, டாய்லெட்டை பயன்படுத்துங்க, ஹீட்டர், ஃபேன், ஒவ்வொரு லைட், ஒவ்வொரு சார்ஜர் பாயிண்ட், ஒவ்வொரு ஜன்னல் கொக்கி. பயன்படுத்தாத பொருளை நீங்க டெஸ்ட் பண்ணல.

நோட்டும் பேனாவும் கதவுக்கு பக்கத்துல. கோளாறு தெரிஞ்ச உடனே நேரத்தோட எழுதுங்க: "இரவு 9:40, ஹீட்டரும் பம்ப்பும் சேர்ந்து ஓடுறப்ப லைட் மங்குது" இந்த மாதிரி. மெக்கானிக்குக்கு "ஏதோ கரண்ட் பிரச்சனை"ங்கிறதை விட இந்த ஒரு வரி ஆயிரம் மடங்கு உதவும். அவசரத்துக்கு டேப் ஒட்டி சமாளிச்சா அதையும் எழுதுங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு அந்த டேப் தான் நிரந்தரம்.

தேவைப்பட்டு கிடைக்காத சாமானுக்கு ஒரு பக்கம், கொண்டு வந்து தொடவே தொடாத சாமானுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க.

அடுப்பை வச்சு உள்ள சூடேத்தக்கூடாது, எவ்வளவு குளிரா இருந்தாலும் சரி. சமைக்கிறப்ப கூரை ஜன்னலும் பக்க ஜன்னல் ஒண்ணும் கொஞ்சம் திறந்திருக்கணும். தூங்குறப்பவும் ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, ஒரே ஆள் மூச்சு விட்டாலும் காலையில ஜன்னல் எல்லாம் சொட்டும், மெத்தைக்கு அடியில ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். காலையில மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தை தொட்டுப் பாருங்க.

கார் சாவி, டார்ச், போன் மூணும் கைக்கு எட்டுற ஒரே இடத்துல. டிரெய்லர் சாவி ஒண்ணு கழுத்துலயோ பாக்கெட்லயோ எப்பவும் இருக்கட்டும், சின்ன டிரெய்லர் கதவு சிலது காத்துல சாத்தினா தானா பூட்டிக்கும், உள்ளேர்ந்து திறக்க ஆள் இல்ல.

11. ரெண்டாவது ராத்திரி: கனெக்‌ஷன் இல்லாம

மத்தியானமே கேபிள், ஹோஸ் ரெண்டையும் கழட்டுங்க. பேட்டரி அளவை குறிச்சுக்கோங்க, தூங்குறப்ப ஒண்ணு, எழுந்த உடனே ஒண்ணு.

லெட் ஆசிட் பேட்டரி 100 ஆம்ப் ஹவர்னு எழுதியிருந்தா பாதி தான் உங்களுக்கு, அதுக்கு கீழ இறக்கினா ஆயுசு குறையும். ஓய்வுல இருக்குறப்ப 12.7 வோல்ட் கிட்ட இருந்தா முழுசு, 12.1 கிட்ட வந்தா பாதி. சார்ஜரை எடுத்த உடனே பார்த்தா பொய்யா அதிகம் காட்டும், ரெண்டு மூணு மணி நேரம் விட்டு பாருங்க. லித்தியம் பேட்டரியில 80 சதவீதத்துக்கு மேல பயன்படுத்தலாம், ஆனா வோல்ட்டை பார்த்து அளவு சொல்ல முடியாது, தனி மானிட்டர் வேணும். உறையுற குளிர்ல லித்தியத்தை சார்ஜ் பண்ணக்கூடாதுங்கிறதையும் ஞாபகம் வைங்க.

உள்ள சூடேத்துற கேஸ் ஹீட்டர் கேஸ்ல தானே ஓடுதுன்னு நினைச்சு இந்தக் கணக்குல சேர்க்காம விட்டுடுறாங்க. அதோட ஃபேன் கரண்ட்ல ஓடுது. 3 ஆம்ப் ஃபேன் ராத்திரில மொத்தம் 5 மணி நேரம் ஓடினா 15 ஆம்ப் ஹவர், அதோட ஃப்ரிட்ஜையும் கூட்டிப் பாருங்க. நீங்க எழுதி வச்ச ரெண்டு அளவுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் தான் உங்க ஒரு ராத்திரி செலவு, நீண்ட பயணத்தை திட்டம் போட இந்த ஒரு நம்பர் தான் வேணும்.

கேஸ் சிலிண்டர்ல எது இருக்குன்னும் பாருங்க. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும், பியூட்டேன் 0 டிகிரி கிட்டயே நின்னுடும். விடியக்காலை குளிர்ல அடுப்பு சரியா எரியலன்னா அடுப்பை திட்டாதீங்க.

தண்ணியும் அதே மாதிரி. சுத்தத் தண்ணி தீருறதுக்கு முன்னாடி கழிவுத் தண்ணி டேங்க் நிறையுதா, டாய்லெட் கேசட் (கழட்டி எடுத்து காலி பண்ற கழிவுப் பெட்டி) எத்தனை நாள் தாங்குதுன்னு குறிச்சுக்கோங்க.

12. கிளம்புறப்ப

உள்ளேர்ந்து வெளிய, மேலேர்ந்து கீழ. கூரை ஜன்னல் மூடு, அலமாரி பூட்டு, ஃப்ரிட்ஜ் கதவு பூட்டு, கேஸை சிலிண்டர்லயே மூடு, பம்ப் ஆஃப். வெளிய வந்து கேபிள், ஹோஸ், படி, மூலைக் கால் நாலு. அதுக்கப்புறம் 5ஆம் பகுதி வரிசை முழுசா. மூலைக் கால் ஒண்ணை மடக்க மறந்து கிளம்புறது தான் நான் பார்த்ததுலயே அதிகமா நடக்குற தப்பு, அதனால நாலையும் கையால தொட்டு எண்ணுங்க.

வண்டியை ஒரு வண்டி நீளம் மட்டும் முன்னாடி எடுத்து நிறுத்திட்டு, இறங்கி வந்து நின்ன இடத்தைப் பாருங்க. லெவலிங் பிளாக், ரசமட்டம், ரெகுலேட்டர் எல்லாம் அங்க தான் கிடக்கும். தரையில புதுசா எண்ணெய்க் கறையோ தண்ணியோ இருந்தாலும் இப்ப தான் தெரியும்.

13. வீட்டுக்கு வந்த அன்னைக்கே

வீல் நட் திரும்ப ஒரு தடவை. டேங்க் எல்லாம் வடிச்சுடுங்க, தேங்கின தண்ணி ஒரே வாரத்துல நாற ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜை அணைச்சு கதவை மூடாம ஒரு துணியை இடுக்கி வைங்க. மழை பெய்யாத டிரிப்பா இருந்தா ஹோஸால கூரையிலயும் ஜன்னல் ஓரத்துலயும் பத்து நிமிஷம் தண்ணி அடிச்சு, உள்ள மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹோஸை கீழேர்ந்து மேல கொண்டு போங்க, மேலேர்ந்து ஆரம்பிச்சா எந்த இணைப்புல ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

நோட்டை அன்னைக்கு ராத்திரியே மூணா பிரிங்க: ரோட்ல ஆபத்து, வேலை செய்யல, வசதி இல்ல. முதல் பட்டியல்ல ஒரு வரி இருந்தாலும் அதை சரி பண்ணிட்டு, திரும்ப ஒரு ராத்திரி அதே பக்கத்து இடத்துக்கு தான் போகணும். வசதி இல்லங்கிற பட்டியலை ஒரு வாரம் அப்படியே விடுங்க, அதுல பாதிக்கு காசு செலவு பண்ண வேண்டியதில்லன்னு அப்ப உங்களுக்கே தெரியும். தொடாத சாமான் பக்கத்துல இருக்குறத மட்டும் அன்னைக்கே இறக்கிடுங்க, முதலுதவிப் பெட்டி, ஸ்டெப்னி, தீயணைப்பான் இந்த மூணைத் தவிர.